படகிலிருந்து இறங்காதவன்

மயூர் விஹாரில் ஏறி
பாரகம்பா ரோட்டில் இறங்கும் எனக்கு
யமுனைப் பாலம் ஒன்றரை நிமிடம்.
அதற்காகவே கதவோரம் நிற்பது.

ஆறு என்று பெயர், நுரை மிதக்கும் கருப்பு.
கரையில் மட்டும்
முள்ளங்கி, கீரை, செண்டுமல்லி,
இது தலைநகரம் என்று
யாரும் சொல்லாதது போல
பாத்தி பாத்தியாய்.

கையில் ஜெராக்ஸ் தாள்.
சனிக்கிழமைச் சீன வகுப்பில்
மிருதுளா கக்கட் கொடுத்தது.
ஆயிரம் வருஷமிருக்கும் என்றார்.
வரிக்கு ஐந்தெழுத்து, நாலே வரி.
எழுதியவன் பெயர் இருந்த ஓரம்
மிஷினில் அகப்படாமல் போய்விட்டது.

முப்பத்தாறு வயதில் சீனம் எதற்கு
என்கிறார்கள் ஆபீசில்.
இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் படித்துப் படித்து
மரத்துப்போன கண்ணுக்கு
படமாய் இருக்கிற எழுத்து வேண்டியிருந்தது.
இதை எப்படிச் சொல்வது,
ப்ரமோஷனுக்கு என்றேன்.

பாலத்துக்கு ஓர் எழுத்து.
திங்கட்கிழமை, வயல்:
நாலு கண்ணாடி போட்ட ஜன்னல்.
செவ்வாய், அதே வயலுக்கடியில்
வலிமை என்று ஒரு கொக்கி;
சேர்த்துப் படித்தால் ஆண்பிள்ளை.
சிரிப்பு வந்தது.
வெளியே குனிந்திருந்த ஒன்பது பேரில்
ஏழு பேர் புடவை.
புதன்கிழமை எழுத்து: இல்லை.

இருபது பாலம் கடந்து
இவ்வளவு தேறியது:

ஆற்றில் போகிறது அதிகாரியின் படகு
வயலில் ஆண்பிள்ளை இல்லை
பச்சை நாற்றின்மேல் ஒரு முதுகு, நிமிராமல்
வளைவு திரும்பிவிட்டது, என் செருப்பு உலர்ந்திருக்கிறது

கசப்புக்கும் கஷ்டத்துக்கும்
சீனத்தில் ஒரே எழுத்தாம்.
அது வருமென்று காத்திருந்தேன்.
பக்கத்தில் வைக்க
தமிழில் ஒன்று எடுத்தும் வைத்திருந்தேன்:
பாடு.
பட்டாலும் பாடு, வாய்விட்டாலும் பாடு.
வரவேயில்லை அந்த எழுத்து.
இருபதாவது எழுத்து 'உலர்ந்த',
உள்ளே ஒரு சூரியன் மாட்டிக்கொண்டு.

புஷ்தா ரோட்டில் கடை போடும் ராம்கலியிடம்
என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன்.
பதாயூன்காரி. புல்டோசர் இரண்டுமுறை வந்துபோன இடத்தில்
மூன்றாம்முறை விதைத்திருக்கிறாள்.
(அதற்கும் ஓர் எழுத்து இருக்கலாம்,
நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை.)

தராசைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"என்ன நாற்று?"
எழுதவில்லை, பச்சை என்று மட்டும்.
"நேரம்? காலையா, வெயில் ஏறியா?"
தெரியாது.
"அப்போ படகைவிட்டு அவன் இறங்கவே இல்லை."
கொசுறாய் ஒரு முள்ளங்கி போட்டாள்,
எனக்கா அவனுக்கா.

இறங்கவில்லை என்று
அவனே சொல்லியிருக்கிறானே, ராம்கலி.
இரக்கப்பட்டேன், கண் கலங்கினேன் என்று
ஒரு எழுத்து கூட்டியிருந்தால்
இந்தத் தாளை மடித்து
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்திருப்பேன்.
செருப்பைக் காட்டினான் பார்,
அதுதான் விடமாட்டேன் என்கிறது.

இவ்வளவையும் சொல்ல ஹிந்தி போதவில்லை.
வேறொன்றையும் சொல்லவில்லை.
யமுனைக் காய்கறியில் ஈயம் என்று
பேப்பரில் போட்டிருந்தார்கள்.
அவள் முள்ளங்கியை மூன்று தண்ணீரில் கழுவினேன்.
பிறகுதான் சாம்பார்.

இன்று ரயில் பாலம் ஏறுமுன்னே நின்றுவிட்டது.
வருந்துகிறோம் என்றது பெண் குரல்,
இரண்டு மொழியில்.
எல்லோரும் போனுக்குள் இறங்கினார்கள்.
கழுத்தில் ஏசி.
கண்ணாடிக்குக் கீழே, மிக அருகில்,
ஒரு முதுகு.
வலது கை குத்தும், இடது கை பிரிக்கும்,
கால் பின்னால் ஒரு சாண்.
ஒரு வரிசை முடிந்தபோது நிமிர்ந்தாள்,
எங்களைப் பார்க்க அல்ல.
இடுப்பில் கை ஊன்றி
வானத்துக்கு ஒரு முறை வாயைத் திறந்தாள்,
கொட்டாவியா வலியா,
கண்ணாடி இந்தப் பக்கம் எதையும் விடவில்லை.
மறுபடி முதுகு.

ரயில் அசைந்தது.
தாளில் பெயர் விட்டுப்போன ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
காலிஃப்ளவர்.
காலை ஒன்பது இருபத்தேழு.